தீவனத் தொட்டி

கிறிஸ்து பிறப்பு விழாவின் நள்ளிரவுத் திருப்பலியில் நற்செய்தியை வாசிக்கும்போதெல்லாம் ஒரு சொல்லின் முன் நம் நாவு சற்றே தயங்குவதுண்டு. 1995-ஆம் ஆண்டு வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, குழந்தை கிடத்தப்பட்ட இடத்தைத் 'தீவனத் தொட்டி' என்று மறைக்காமல் சொல்லிவிட்டது. பழைய மொழிபெயர்ப்பில் இருந்த 'முன்னணை' என்ற சொல் செவிக்கு இனியது. ஆயினும் அது மாட்டுக்குத் தீனி வைக்கும் இடம் என்பதை நம்மில் பலர் பிறரைக் கேட்டே அறிந்துகொண்டோம். லூக்கா எழுதிய கிரேக்கச் சொல்லும் அதைத்தான் குறிக்கிறது. ஓய்வுநாளிலும் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவதைப் பற்றி ஆண்டவர் பேசும் இடத்தில், அதே சொல்லை லூக்கா மீண்டும் எடுத்தாள்கிறார். குருமடத்தில் இதைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துத் தேர்விலும் விடையாக எழுதினோம். ஆனால் தீவனத் தொட்டியின் பொருளை உண்மையில் நமக்குக் கற்பித்தது ஒரகடம் பகுதியிலுள்ள ஒரு கிளைக் கிராமமும், அங்கே தீவனம் விற்று வளர்ந்த ஒரு குடும்பமுமே.

1999-ஆம் ஆண்டில் உதவிப் பங்குத்தந்தையாக அப்பகுதிக்கு முதன்முதலாகச் சென்றோம். செங்கல்பட்டு தனி மறைமாவட்டமாக உருவானது 2002-இல் தான். அந்நாளில் நாமெல்லாரும் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்தின் பிள்ளைகள். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து திருப்பெரும்புதூருக்குச் செல்லும் சாலையில், மாலை ஐந்து மணியளவில் மொபெட்டை நிறுத்தாமல் கடக்க இயலாது. மேய்ச்சல் முடிந்து திரும்பும் மாடுகள் சாலையை அடைத்துக்கொண்டு, எவருக்கும் அவசரமில்லை என்பதுபோல் நடந்து வரும். ஏரிக்கரை, ஏரியின் உட்புறம், மேய்க்கால் புறம்போக்கு, அறுவடை முடிந்த வயல் ஆகியவையெல்லாம் அவற்றின் பந்தி.

அந்த மாடுகளில் பல, ஒரு சென்ட் நிலமும் இல்லாதவர்களுடையவை. செங்கல்பட்டு மாவட்டத்தின் நிலமற்ற மக்களைப் பற்றி ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891-இல் அரசுக்கு எழுதிய குறிப்பும், அதன் பயனாக 1892-இல் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டதும் நம் வாசகர்கள் அறிந்தவையே. அந்நிலங்கள் எத்தனை கைகளில் நிலைத்தன என்பது வேறு கதை. நிலமில்லாத குடும்பத்திற்கு ஒரு கறவை மாடு எப்படிச் சாத்தியமாயிற்று? ஊர்ப் பொதுப் புல்லும், வீட்டுக் கழுநீரும், அறுப்புக் கூலியோடு கிடைத்த வைக்கோலும் இருந்ததால்தான். மாடு அவர்களுடையதாக இருந்தாலும் தீனி ஊருடையதாக இருந்தது.

அக்கிராமத்தில்தான் அந்தப் பெரியவரைக் கண்டோம். காஞ்சிபுரத்துச் செக்காலைகளிலிருந்து கடலைப் புண்ணாக்கும் எள்ளுப் புண்ணாக்கும் வாங்கி, ஆரம்பத்தில் மிதிவண்டியிலும் பின்னர் ஒரு பழைய வண்டியிலும் கொண்டுவந்து, வீட்டுத் திண்ணையில் விற்றுக்கொண்டிருந்தார். தவிடு, உளுந்தம் பொட்டு, பருத்திக்கொட்டை, சிறிது உப்பு ஆகியவற்றை வாடிக்கையாளரின் மாட்டுக்கு ஏற்றவாறு அளந்து கலந்து கொடுப்பார். மூட்டை வந்திறங்கியதும் முழங்கை வரை உள்ளே விட்டு, ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்ப்பார். பூஞ்சை வாடை அடித்தால் மூட்டை முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவார். "மாடு பேசாது சாமி. நாமதான் மோந்து பாக்கணும்" என்று ஒருமுறை சொன்னது இன்னும் நினைவில் உள்ளது.

அவருடைய கடையின் இதயம் ஒரு பற்று நோட்டு. கடனுக்குத் தீவனம் வாங்குவோரின் பெயரும், அதன் கீழே மாட்டின் பெயரும் அதில் இருக்கும். லட்சுமி, கருப்பாயி, செவலை என்று மாடுகளுக்கும் பக்கம் ஒதுக்கியிருந்த அந்தக் கணக்கைக் கண்டு நாம் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அதில் ஒரு விதி இருந்ததை நாம் நெடுநாள் கழித்தே உணர்ந்தோம். மாடு கறக்கும் காலத்தில் பால் பணத்திலிருந்து கடனைக் கழித்துக்கொள்வார். மாடு வற்றிவிட்டால் வசூலை நிறுத்திவிடுவார்; தீவனத்தை நிறுத்தமாட்டார். கன்று ஈன்று பால் வந்தபின் மறுபடி கணக்குத் தொடங்கும்.

இது வெறும் இரக்கமன்று. சினை மாட்டின் வயிற்றில் கன்று விரைந்து வளர்வது கடைசி இரண்டு மாதங்களில்தான். அடுத்த ஈற்றுக்கான வலிமையை மாடு தன் உடலில் சேர்ப்பதும் அப்போதே. பால் தரவில்லை என்பதற்காக அந்த இரண்டு மாதம் தீனியைக் குறைத்தால் கன்றும் மெலியும், அடுத்த ஈற்றுப் பாலும் குறையும். கால்நடை மருத்துவர்கள் இன்று படம் போட்டு விளக்கும் இதனை, ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட அவர், "பால் நிக்கும்போது தீனியும் நின்னா, அடுத்த ஈத்துக்குப் பால் எங்கிருந்து வரும்?" என்று ஒரே கேள்வியில் அடக்கிவிடுவார்.

நாம் மாற்றலாகிச் சென்றோம். அப்பகுதியும் மாறத் தொடங்கியிருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை 1998-இல் கார்களை வெளியிடத் தொடங்கியது. 2006-இல் திருப்பெரும்புதூரில் நோக்கியாவின் கைப்பேசி ஆலை வந்தது. 2014-இல் அது மூடவும்பட்டது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. டயர், லாரி, மோட்டார் சைக்கிள் என ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. இவற்றால் விளைந்த நன்மையை மறுப்பது நன்றிகெட்ட செயலாகும். நம் பங்கின் எத்தனையோ பிள்ளைகள் சீருடை அணிந்து நிறுவனப் பேருந்தில் ஏறியபோதுதான், அவர்களுடைய வீட்டுக் கூரையில் முதன்முதலாகச் சிமெண்டு ஏறியது.

ஆயினும் புல்லுக்கு என்ன நேர்ந்தது என்பதை எவரும் கணக்கெழுதவில்லை. வயல் மனையாயிற்று. மேய்ச்சல் நிலம் மதில் சுவருக்குள் சென்றது. நெல் குறைந்ததால் வைக்கோலும் குறைந்தது. மாடு வைத்திருப்போர் தீனியைப் பணம் கொடுத்து வாங்கியே தீரவேண்டும் என்னும் நிலை வந்தது. முன்பு புல்லுக்குத் துணையாக ஒரு பிடி புண்ணாக்கு. இப்போது புல்லுக்குப் பதிலாகவே ஒரு மூட்டை. பெரியவரின் கடை வளர்ந்தது இவ்வாறுதான். அவர் ஊரை அழித்து வளரவில்லை. ஆனால் ஊர் இழந்த புல்லின் மேல்தான் அவருடைய கடை எழுந்தது. இவ்விரண்டையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

2017-இல் பங்குத்தந்தையாக அங்கே மீண்டும் சென்றபோது, திண்ணை இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் நின்றது. மகன்கள் இருவரும் பொறுப்பேற்றிருந்தனர். அரவை இயந்திரமும் கலவை இயந்திரமும் வந்துவிட்டன. மக்காச்சோளம் லாரியில் வந்திறங்கிற்று. புண்ணாக்கும் தவிடும் தாது உப்பும் சேர்ந்து குச்சித் தீவனமாகி ஐம்பது கிலோ மூட்டைகளில் வெளியேறின. ஊருக்கு வெளியே ஒரு பெரிய கொட்டகையில் கலப்பினக் கறவை மாடுகளை நிறுத்தித் தாங்களே தீனியிட்டுப் பால் கறந்தார்கள். ஆலைத் தொழிலாளர் தங்கும் விடுதிகளும் தேநீர்க் கடைகளும் பெருகியிருந்தமையால், கறந்த பால் நண்பகலுக்குள் தீர்ந்துவிடும். பிறருடைய மாட்டுக்குத் தீனி விற்ற குடும்பம், தன் சொந்த மாட்டுக்குத் தீனியிட்டுப் பால் விற்கும் குடும்பமாக உயர்ந்திருந்தது.

2018-ஆம் ஆண்டு தை மாதத்தில் புதிய ஆலையை அர்ச்சிக்க நம்மை அழைத்தார்கள். மூத்த மகன் சிறிய உரையொன்று ஆற்றினார். 1970-இல் ஆர்.ஜி. சந்திரமோகன் சென்னை ராயபுரத்தில் பதின்மூவாயிரம் ரூபாய் முதலோடு ஐஸ் செய்யத் தொடங்கியதையும், அருண் ஐஸ்கிரீமாக அறிமுகமாகி, பால், தயிர், கால்நடைத் தீவனம் என விரிந்து ஹட்சன் என்னும் பெருநிறுவனமாக அது வளர்ந்ததையும் எடுத்துச் சொல்லி, "நம்மாலும் முடியும்" என்று முடித்தார். கைதட்டல் எழுந்தது. நாமும் தட்டினோம். அதில் தவறேதும் இல்லை. குடிசையில் தொடங்கிய உழைப்பு கோபுரமாவதைக் கண்டு மகிழ்வது மனித இயல்பு. அன்று மாலையே அக்குடும்பம் நம் கிளைக் கோவிலின் ஒழுகும் கூரையைத் தங்கள் செலவில் மாற்றித் தருவதாக அறிவித்தது. இரண்டே மாதங்களில் புதிய கூரை ஏறிற்று.

இனிச் சொல்லப்போவது நமக்குப் பெருமை தருவதன்று.

அடுத்த ஆண்டு ஒருநாள் காலைத் திருப்பலி முடிந்ததும், கணவனை இழந்த ஓர் அம்மா நம்மைக் காண வந்தார். இரண்டு மாடுகள் வைத்துப் பிழைப்பவர். "தோத்திரம் சாமி" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தார். ஒரு மாடு வற்றிச் சினையாக இருந்தது. மற்றொன்று நோயுற்றுப் பால் குறைந்துபோயிற்று. தீவனக் கணக்கு இப்போது கணினியில். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பால் பணத்திலிருந்து தானாகவே கழிந்துவிடும். கழிக்கப் பால் இல்லையென்றால் மூட்டை கிடையாது. முந்தைய பாக்கிக்குச் சினை மாட்டையே ஓட்டிச் செல்வதாக மகன்கள் சொல்லிவிட்டார்களாம். "பெரியவரு இருந்தா இப்பிடி நடக்காது சாமி. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

பெரியவர் அப்போது உயிரோடுதான் இருந்தார். மாடியில் ஓர் அறையில், கடைக்கு இறங்கி வரமுடியாத உடல்நிலையில் இருந்தார்.

"பேசுகிறேன், போய் வாருங்கள்" என்றோம். பேசவில்லை. அந்த வாரம் கூட்டம் இருந்தது. மறுவாரம் நவநாள் இருந்தது. காரணங்களுக்குக் குறைவில்லை. உண்மைக் காரணம் ஒன்றுதான். திருப்பலியில் கைகளை விரித்துத் தலையை உயர்த்தும்போதெல்லாம் அந்தப் புதிய கூரை நம் கண்ணில் பட்டது. அதைத் தந்தவர்களிடம் போய்க் கணக்குக் கேட்க நமக்கு வாய் வரவில்லை. மூன்றாம் வாரம் மாட்டை ஓட்டிச் சென்றுவிட்டார்கள். அந்த மாடு அவர்களுடைய கொட்டகையில், நல்ல தீனி தின்று, அழகிய கிடாரிக் கன்று ஈன்றது. அந்த அம்மாவோ மீதியிருந்த மாட்டையும் விற்றுவிட்டு, ஓர் ஆலையில் ஒப்பந்தத் துப்புரவுப் பணிக்குச் செல்லத் தொடங்கினார். அவர் ஏறும் பேருந்து நிறுத்தம் அந்தக் கொட்டகைக்கு எதிரே இருந்தது. கோவிலுக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. நம்மைப் பார்த்துத் தோத்திரம் சொல்வதையும் நிறுத்தவில்லை. அதுதான் நம்மை அதிகம் சுட்டது.

சுட்ட புண்ணுக்கு மருந்து தேடுவதுபோல், மாட்டுத் தீவனத் தொழிலைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் வாசிக்கத் தொடங்கினோம். இத்தொழில் உலகின் பிற இடங்களில் எவ்வாறு வளர்ந்தது என்பதை அறிந்தபோது, நம் கிராமத்தின் கதை நமக்கு முன்னைவிடத் தெளிவாயிற்று.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிரீலி என்றொரு நகரம் உண்டு. வாரன் மான்ஃபோர்ட் என்னும் உழவர் 1930-ஆம் ஆண்டு, பெரும் பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, அங்கே மாடுகளைத் தொழுவத்தில் நிறுத்தித் தானியமிட்டுக் கொழுக்கவைத்து இறைச்சிக்கு விற்கும் தொழிலைத் தொடங்கினார். விலையின்றிக் கிடந்த விளைச்சலை மாட்டின் வழியாக விற்பதே நோக்கம். சர்க்கரைக் கிழங்கைப் பிழிந்த சக்கையும் அப்பகுதியில் தாராளம். பிறர் பருவத்திற்கு மட்டும் மாடு நிறுத்தியபோது, அவர் ஆண்டு முழுவதும் இடைவிடாமல் தீனியிட்டார். 1960-களின் இறுதியில் அக்குடும்பத்தின் தொழுவத்தில் ஒரே நேரத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் மாடுகள் நின்றன. அக்காலத்தில் உலகில் வேறெங்கும் அத்தகைய தொழுவம் இல்லை எனலாம். மகன் கென்னத் காலத்தில், 1960-இல், இறைச்சி ஆலையும் சேர்ந்தது. 1970-இல் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. நகருக்கு அருகில் எழுந்த நாற்றத்தைப் பற்றி மக்கள் முறையிட்டதால், 1970-களில் பழைய தொழுவத்தை மூடிவிட்டு ஊருக்கு அப்பால் புதிய தொழுவங்களை அமைத்தார்கள். அந்தப் பத்தாண்டின் முடிவில் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆலை மூடப்பட்டு, 1982-இல் தொழிற்சங்கமின்றி மீண்டும் திறக்கப்பட்டது. 1987-இல் நிறுவனம் கோன்அக்ரா என்னும் பெருநிறுவனத்தோடு இணைந்தது. கிரீலியின் இறைச்சி ஆலை 2007-இல் பிரேசில் நாட்டு ஜேபிஎஸ் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. ஐம்பத்தேழு ஆண்டுகளில் ஒரு குடும்பத்தின் தொழுவம் குடும்பத்தின் கையை விட்டே போயிற்று. இன்று அந்நகரப் பல்கலைக்கழகத்தின் வணிகக் கல்லூரி மான்ஃபோர்ட் பெயரைத் தாங்கி நிற்கிறது. கல்லூரியின் பெயரை வாசித்தபோது, நம் கோவில் கூரை நினைவுக்கு வந்ததை மறைப்பதற்கில்லை.

மான்ஃபோர்ட் குடும்பத்தார் தீயவர்கள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அவர்கள் திறமையானவர்கள், கொடையாளர்கள். ஆயினும் தொட்டி நீள நீள, அதன் ஒரு முனையில் நிற்பவர் மறுமுனையில் நிற்பவரைக் காண முடியாமற்போகிறது. இது குணத்தின் குறை என்பதைவிடத் தூரத்தின் குறை என்றே நமக்குத் தோன்றிற்று.

இதற்கு நேர்மாறான முயற்சியும் நம் நாட்டிலேயே நடந்தது. குஜராத்தின் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் 1946-இல் திரிபுவன்தாஸ் படேலின் தலைமையில் பதிவாயிற்று. கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் பயின்ற வர்கீஸ் குரியன் 1949-இல் ஆனந்த் சென்று அதில் இணைந்தார். பால் பெருகத் தீனியும் பெருகவேண்டும் என்பதால், கஞ்சரி என்னும் இடத்தில் ஒன்றியமே தீவனத் தொழிற்சாலை கட்டியது. 1964 அக்டோபர் 31 அன்று அதைத் திறந்துவைக்க வந்த பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, அதற்கு முந்தைய இரவை அஜர்புரா என்னும் சிற்றூரில் ஓர் உழவர் வீட்டில் தங்கி, ஊராரோடு பேசிக் கழித்தார். மறு ஆண்டே தேசிய பால்வள வாரியம் உருவாயிற்று. ஒரு தீவன ஆலையின் திறப்பு விழா நாட்டின் பால் வரலாற்றையே திருப்பிவிட்டதென்றால், அது அந்த இயந்திரங்களின் சிறப்பால் அன்று. மூட்டையை வாங்குபவரே ஆலைக்கும் உடைமையாளராக இருந்தார். அங்கும் தீவனத்தின் விலை பால் பணத்தில்தான் கழிந்தது. ஆனால் மிஞ்சிய லாபம் மாடு வைத்திருப்பவர் வீட்டுக்கே திரும்பிச் சென்றது.

தீவனக்காரருக்கும் மாட்டுக்காரருக்கும் இடையில் மட்டுமன்று இந்த உறவு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019 அக்டோபரில் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. நாடெங்கும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 368-இல், அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு வரம்பைக் கடந்திருந்தது. தமிழகத்தில் எடுத்த 551 மாதிரிகளில் 88 அத்தகையவை. மாநிலங்களில் இதுவே மிகுதி. ஈரம்பட்ட புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் வளரும் பூஞ்சையிலிருந்து அந்நஞ்சு மாட்டின் வயிற்றுக்குச் சென்று பாலில் இறங்குகிறது. பாலைக் காய்ச்சினாலும் அது அழிவதில்லை. பெரியவர் முழங்கை வரை மூட்டைக்குள் விட்டு முகர்ந்தது ஏதோ ஒரு வீட்டுத் தொட்டிலில் கிடந்த குழந்தைக்காக என்பது, அந்த எண்களைக் கண்டபோதுதான் விளங்கிற்று.

2022-ஆம் ஆண்டு திருவருகைக் காலத்திற்குச் சற்று முன்பு, பெரியவருக்கு நற்கருணை கொண்டுசென்றோம். குடும்பத்தார் அனைவரும் கட்டிலைச் சுற்றி நின்றனர். செபம் முடிந்ததும், தலையணைக்குக் கீழிருந்து அந்தப் பழைய பற்று நோட்டை எடுக்கச் சொன்னார். கடைசிப் பக்கங்களைப் பேத்தியை விட்டு வாசிக்கச் செய்தார். பெயர், மாட்டின் பெயர், மூட்டைக் கணக்கு. பல வரிகளின் எதிரே 'கன்று போட்ட பிறகு' என்ற குறிப்பு. சிலவற்றில் கன்று போட்ட பிறகும் பணம் வரவில்லை என்பது தெரிந்தது. அவ்வரிகள் அடிக்கப்பட்டிருந்தன.

அந்த அம்மாவின் பெயர் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். "அந்த மாட்டை ஓட்டியாந்தது எனக்கு இப்பத்தான் தெரியும்" என்றார். மகன்கள் தலைகுனிந்தனர். அவர் அவர்களைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்த்தார். "சாமி, இவனுங்க புள்ளைங்க, கணக்குப் படிச்சவனுங்க. உங்களுக்குத் தெரியுமில்ல? நீங்களாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

பதில் சொல்ல நம்மிடம் ஏதுமில்லை. "ஆம் பெரியவரே, கேட்டிருக்கவேண்டும்" என்று மட்டும் சொன்னோம்.

அன்று மாலை மூத்த மகன் நம்மை வழியனுப்ப வந்தார். அவர் சொன்னதையும் வாசகர் கேட்கவேண்டும்; ஏனெனில் அதில் உண்மை இருந்தது. "ஃபாதர், அப்பா காலத்துல இருபது முப்பது மாடு. எல்லாத்துக்கும் பேர் தெரியும். இப்ப எங்ககிட்ட தீவனம் வாங்குறவங்க பல ஊர்ல இருக்காங்க. சோளக்காரர் எங்களுக்குக் கடன் குடுக்கமாட்டார். வங்கி வட்டி ஒருநாள்கூட நிக்காது. எல்லாருக்கும் ரெண்டு மாசம் விட்டா, மூணாவது மாசம் ஆலை நின்னுடும். அப்ப வேலை செய்யிறவங்களுக்கு யார் சோறு போடுவாங்க?"

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1991-இல் எழுதிய 'சென்ட்டேசிமுஸ் ஆன்னுஸ்' சுற்றுமடலில், ஒரு தொழில் நன்கு நடக்கிறது என்பதற்கு லாபம் ஓர் அடையாளம் என்பதை ஏற்றுக்கொள்கிறார். அதே மூச்சில், அது ஒன்றே அளவுகோல் அன்று என்றும், கணக்கு ஒழுங்காக இருக்கும் இடத்திலேயே மனிதர் அவமதிக்கப்படுவதும் நிகழலாம் என்றும் எச்சரிக்கிறார். குருமடத்துப் படிப்பு இதை நமக்கு எளிதாகத் தந்துவிட்டது. ஆனால் மக்காச்சோள லாரிக்கு நாளை காலை பணம் கட்டவேண்டியவரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதைத் தரவில்லை. ஆகவே அறிவுரை கூறாமல் ஒன்றைக் கேட்டோம்: "எல்லாருக்கும் வேண்டாம். ஒன்று இரண்டு மாடு மட்டும் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் கணினியால் சொல்ல முடியுமா?"

அவர் சற்று நேரம் நம்மையே பார்த்தார். "முடியும் ஃபாதர். யாரும் கேட்டதில்ல" என்றார்.

பெரியவர் சில நாட்களில் இறைவனடி சேர்ந்தார். முப்பதாம் நாள் திருப்பலிக்குப் பின் மகன்கள் ஓர் ஏற்பாட்டைச் சொன்னார்கள். இரண்டு மாடுகளுக்கு மேல் இல்லாத வீடுகளுக்கு, மாடு வற்றிய இரண்டு மாதமும் கடன் வசூல் இல்லை, தீவனம் தொடரும், கன்று ஈன்ற பின் கணக்கு. எதிர்பார்த்ததைவிட அத்தகைய வீடுகள் குறைவாகவே இருந்தனவாம். மகிழ்வோடு அவர் சொன்ன அச்செய்தி நமக்கு மகிழ்வு தரவில்லை. குறைவாக இருந்ததன் காரணம், பலர் ஏற்கெனவே மாட்டை விட்டுவிட்டதுதான். நாம் மூன்று வருடங்களுக்கு முன் கேட்டிருந்தால் அந்த எண்ணிக்கை வேறாக இருந்திருக்கக்கூடும்.

அந்த அம்மாவிடம் சென்று நம் குற்றத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். மகன்களும் கொட்டகையிலிருந்து ஒரு கிடாரியைத் தருவதாகச் சொல்லியனுப்பினர். அவர் கோபிக்கவில்லை, ஏற்கவும் இல்லை. "வச்சிக்கிட்டு எங்க சாமி மேய்ப்பேன்? காலையில ஆறு மணிக்கு பஸ்ஸு வந்துடுது" என்றார். பிறகு வீட்டின் பின்புறம் அழைத்துச் சென்றார். மாமியார் காலத்துக் கல்தொட்டி ஒன்று வேப்பமரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. "இது சும்மாதான் கெடக்குது. கோயிலுக்கு ஆகுமா பாருங்க."

நால்வர் சேர்ந்து தூக்கி வந்தோம். அவ்வாண்டு நம் கிளைக் கோவிலின் கிறிஸ்து பிறப்புக் குடிலில், வழக்கமான அட்டைத் தொட்டிக்குப் பதிலாக அந்தக் கல்தொட்டியை வைத்தோம். பல தலைமுறை மாடுகளின் நாக்கு பட்டுத் தேய்ந்து, அதன் விளிம்பு கண்ணாடிபோல் வழவழத்திருந்தது. நள்ளிரவுத் திருப்பலிக்கு முன் அந்த அம்மா முந்தானையில் முடிந்து வந்த ஒரு பிடி வைக்கோலை அதில் பரப்பினார். அந்த ஊரில் வைக்கோல் எங்கே கிடைத்தது என்று கேட்டோம். பேருந்தில் போகையில் ஒரு லாரியிலிருந்து சாலையில் சிந்தியதைக் கண்டு, நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்துபோய் எடுத்து வந்தாராம்.

நற்செய்தியை வாசித்தோம். அந்தச் சொல் வந்தபோது நாவு தயங்கிற்று. ஆயினும் இம்முறை அதை உரக்கவே வாசித்தோம். தீவன ஆலையின் மகன்கள் முதல் வரிசையிலும், அந்த அம்மா மூன்றாம் வரிசையிலும் அமர்ந்திருந்தனர். எல்லாருக்கும் மேலே அந்தக் கூரை ஒழுகாமல் நின்றது. நாம் நின்ற இடத்திலிருந்து அவர்கள் எல்லாருடைய முகமும் தெரிந்தது. முன்பும் தெரிந்துதான் இருக்கும்.